தாழை கட்டத் தெரிந்த கை

கடல்தாழை என்னும் கடற்புல்லை நடுவது கைவேலைதான், அரை நாள் சொல்லிக்கொடுத்தால் யாரும் செய்துவிடலாம் என்று அண்மையில் ஒரு கூட்டத்தில் பேசினார்கள். கைதட்டலும் கிடைத்தது. மனோராவை ஒட்டிய பாக் விரிகுடாக் கரையில் சம்பளமில்லாமல் நெடுங்காலம், தாழை கட்டிய மூங்கில் சட்டங்களைக் கடலில் இறக்கியவன் நான். இப்போது முழங்கால் ஒத்துழைக்காததால் கரையில் உட்கார்ந்திருக்கிறேன். பதில் சொல்ல நேரம் இருக்கிறது.

மூங்கில் சட்டத்தில் நார்க்கயிறு பின்னுவதை அரை நாளில் கற்கலாம், ஒப்புக்கொள்கிறேன். வேலை அதற்குப் பிறகுதான். நாங்கள் பெரும்பாலும் கட்டுவது சைமோடோசியா என்ற தாழை வகை. கிழங்கில் வளர்நுனி இருக்க வேண்டும். நுனியில்லாத துண்டு கொஞ்ச நாள் பச்சை காட்டி ஏமாற்றும். இறுக்கிக் கட்டினால் கிழங்கு நசுங்கும், தளர்த்தினால் நீவாடு, அதாவது நீரோட்டம், உருவிவிடும். ஒரே திட்டில் பறிக்கக் கூடாது. பறித்ததைக் கடல்தண்ணீரிலேயே வைத்து, அன்றே கட்டி அன்றே இறக்க வேண்டும்.

இதையெல்லாம்விடக் கடினம், எங்கே இறக்குவது என்பது. அதைச் சொல்லித் தந்தவர் ஒரு நண்டுவலைக்காரர். நாங்கள் அவரைப் பெரியவர் என்றுதான் கூப்பிடுவோம். வரைபடத்தை விரித்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி நடப்பார். கால் புதைந்தால், "இங்க வேணாம் தம்பி, சேறு மூடிரும்" என்பார். மணல் கெட்டியாக இருந்தாலும் உடனே சம்மதிக்க மாட்டார். இங்கே முன்பு தாழை இருந்ததா, இருந்தால் எதனால் போனது என்று கேட்பார். காரணம் தெரியாத இடத்தில் ஒரு சட்டத்தையும் இறக்க விடமாட்டார். விசைப்படகின் இழுவலையான மடி இழுத்துப் போன இடமென்றால், மடி இன்னும் வருகிறதா என்பது அடுத்த கேள்வி. வாடைக்காற்று ஓய்ந்து தண்ணீர் தெளியும் வரை எங்களைக் காக்க வைப்பார். அவசரப்பட்டவர்களை வள்ளத்தில் ஏற்றவே மாட்டார். எனக்கு அவர் மேல் கோபம் வந்த நாட்கள் உண்டு. ஆனால் அவர் காட்டிய இடங்களில்தான் தாழை பிடித்தது.

இந்தத் தாழையை மேய்வது கடல்பசு. அதற்காகத் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரையோரம் 448 சதுர கிலோமீட்டர் கடற்பரப்பை 2022இல் கடல்பசுப் பாதுகாப்பகமாக அரசு அறிவித்தது, நாட்டிலேயே முதலாவது. ஆவுளியா என்று நாங்கள் சொல்லும் கடல்பசு ஒன்று நாளுக்கு முப்பது கிலோவுக்கு மேல் தாழை மேயும். அறிவிப்பைத் தின்று அது பிழைக்காது. நண்டுக் குஞ்சும் இறால் குஞ்சும் வளர்வதும் அதே தாழையில்தான்.

அறிவிப்புக்குப் பிறகு தாழை நட உதவ வரும் ஆள் வரத்து கூடியது. நல்லதுதான். ஆனால் வருகிறவர்கள் நார்க்கயிற்றுக்குப் பதில் பிளாஸ்டிக் பட்டை கொண்டுவருகிறார்கள், கட்டுவதற்குச் சுலபமாம். மூங்கிலும் நாரும் வேர் பிடித்த பின் மக்கிப்போவதற்காகத்தானே வைத்தோம்? பட்டை மக்குமா? கூலிக்கு நெல் நடுகிறவர்கள் நாற்றுமுடி பிடிக்கிற கணக்கில் தாழையைப் பிடிபிடியாகப் பறிக்கிறார்கள். மதியத்துக்குள் எத்தனை சட்டம் இறக்கினோம் என்று பலகையில் எழுதி, அதன் அருகில் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். அடுத்த வருடம் அதில் எத்தனை உயிரோடு இருக்கிறது என்று பார்க்க வந்தவர்களை நான் அதிகம் கண்டதில்லை. பெரியவர் இருந்திருந்தால் வள்ளத்தைத் திருப்பியிருப்பார்.

கரையிலிருந்து மூன்று கடல் மைலுக்குள் விசைப்படகு மடி இழுக்கக் கூடாது என்று 1983ஆம் ஆண்டு மீன்பிடிச் சட்டத்தின்படி விதி இருக்கிறது. ஒரு பருவம் முழுக்க நாங்கள் நட்டதை ஒரு மடி ஒரே இரவில் வாரிவிடும். அந்த விதியைக் காக்காமல் நடவு விழா நடத்துவது வீண் செலவு.

உதவிக்கு வர நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: நடும் நாளில் வராவிட்டாலும் பரவாயில்லை. ஒரு வருடம் கழித்து வாருங்கள். தண்ணீரில் இறங்கி, பிடித்தது எத்தனை என்று எண்ணுங்கள். அந்த எண்ணைப் பலகையில் எழுதுங்கள்.