நல்ல தப்பு விடை

ஒன்பதாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் பாடம் முடிகிற இடத்தில் ‘இணையச் செயல்பாடு’ என்று ஒரு கட்டம் வரும். நாலு படிகள், திரையைப் பிடித்துப் போட்ட சின்னச் சின்னப் படங்கள், ஓர் உரலி, ஒரு க்யூஆர் கோடு. 2018-19இல் ஒன்று, ஆறு, ஒன்பது, பதினொன்றாம் வகுப்புகளுக்கும் அடுத்த ஆண்டு மற்ற வகுப்புகளுக்கும் தமிழ்நாட்டுப் பாடநூல்கள் மாறியபோது வந்து சேர்ந்த கட்டம் அது. பரீட்சையில் அதிலிருந்து கேள்வி வராது. இது பிள்ளைகளுக்குத் தெரியும், ஆசிரியருக்கும் தெரியும். ‘புக் பேக்’ கேள்விகளை மட்டும் உருப்போட வைக்கும் டியூஷன்காரர்களுக்கு இன்னும் நன்றாகத் தெரியும். என் வேலை முழுக்க அந்தக் கட்டத்துக்குள்தான் நடக்கிறது.

கிழக்குத் தாம்பரத்தில் மாலை வகுப்பு எடுக்கிறேன். சேலையூர், இரும்புலியூர், முடிச்சூர், பெருங்களத்தூர் என்று சுற்றுவட்டாரத்திலிருந்து வரும் ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் பிள்ளைகள். பெரும்பாலும் தமிழ் வழி. வகுப்பு முடிந்து வீட்டுக்குப் போனபின் அவர்கள் போனில் செய்து பார்ப்பதற்கான செயல்பாடுகளைத் தயாரித்து வாட்ஸ்அப் குழுவில் போடுகிறேன். அவர்கள் பாஷையில் ‘ஆக்டிவிட்டி’. “மிஸ், இன்னிக்கு ஆக்டிவிட்டி உண்டா?” என்று கேட்கும் குரலிலேயே அது வேண்டுமா வேண்டாமா என்பது தெரிந்துவிடும்.

பயன்படுத்தும் கருவி எதையும் நான் செய்ததில்லை. இயற்பியலுக்கு ஃபெட்: நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமன் 2002இல் அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிவைத்த இலவச மாதிரிகள், பல தமிழிலும் கிடைக்கின்றன. கணக்குக்கு ஜியோஜீப்ரா. கேள்விகளுக்குக் கூகுள் ஃபார்ம், ஊரைப் பார்க்கக் கூகுள் எர்த். 2023இல் பள்ளிக் கல்வித் துறை வெளியிட்ட மணற்கேணி செயலியில் பாடக் காணொளிகளும் இருக்கின்றன. அள்ள அள்ளக் குறையாத சரக்கு. நான் எழுதுவது இவற்றுக்கு முன்னாலும் பின்னாலும் வரும் கேள்விகளை மட்டும்தான்.

அந்தக் கேள்விகள் இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதை 2020 காட்டியது. 2019 ஆகஸ்டில் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சி, ஊரடங்கு வந்ததும் பல வீடுகளில் பள்ளிக்கூடமாகவே ஆனது. பாடங்கள் மோசமில்லை, சில மிக நன்றாகவே இருந்தன. ஆனால் பார்க்கும் பிள்ளைக்குப் புரிந்ததா என்று கேட்கும் வழி அதில் கிடையாது. அந்த ஜூனில் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வும் ரத்தாகி எல்லோரும் பாஸ் என்று அறிவித்துவிட்டார்கள். யாருக்கு எது புரிந்தது என்று கேட்கப் பரீட்சைகூட வரவில்லை.

விரலால் இழுத்தால் நகரும் என்பதற்காக ஒன்று ஊடாடும் பாடம் ஆகிவிடாது. ஸ்லைடரை இழுக்கிறோம், கோடு சாய்கிறது, எண் மாறுகிறது. பிள்ளை பார்க்கிறது, ‘ஓகே’ சொல்கிறது, அடுத்ததுக்குப் போகிறது. தொலைக்காட்சி பார்த்ததற்கும் இதற்கும் விரல் நுனி அளவுதான் வித்தியாசம். இழுப்பதற்கு முன் “என்ன ஆகும் என்று நினைக்கிறாய்?” என்று ஒரு கேள்வி வந்து, அதற்குப் பிள்ளை பதில் சொல்லி மாட்டிக்கொண்டால்தான் திரையில் நடப்பது அதன் சொந்தப் பிரச்சினை ஆகும். பத்தாம் வகுப்பு ஆயத்தொலை வடிவியலில் சாய்வு நடத்தும்போது, m-இன் குறி மைனஸ் ஆனால் கோடு எந்தப் பக்கம் விழும் என்று தாளில் வரைந்து படம் அனுப்பிய பிறகே ஜியோஜீப்ரா இணைப்பைத் தருவேன். இந்த வரிசை மாறினால் எல்லாம் போச்சு.

மின்சுற்றுப் பாடத்தை விரிவாகவே சொல்கிறேன். இந்த வேலையின் சூட்சுமம் எல்லாம் அதற்குள் இருக்கிறது. ஃபெட்டில் மின்சுற்று கட்டும் மாதிரி ஒன்று உண்டு. பேட்டரி, பல்பு, கம்பி, சுவிட்ச் எல்லாவற்றையும் இழுத்துப் போட்டு இணைக்கலாம். கம்பிக்குள் எலக்ட்ரான்கள் நீல உருண்டைகளாக ஊர்ந்து போகும். இதைக் கையில் கொடுத்ததும் எந்தப் பிள்ளையும் பல்பை எரியவைப்பதில்லை. பேட்டரியின் இரு முனைகளையும் வெறும் கம்பியால் இணைத்துத் தீப்பிடிக்க வைக்கும். “மிஸ், பத்திக்கிச்சு!” என்று குரல் பதிவுகள் வந்து குவியும். முதலில் கொஞ்ச நேரம் இப்படி விளையாட விட்டுவிட வேண்டும். குறுக்குச்சுற்று என்றால் என்ன என்று அதன்பின் நான் நடத்த வேண்டியதே இல்லை.

தீ அணைந்ததும் கேள்வி: ஒரே மாதிரியான இரண்டு பல்புகளைத் தொடராக இணைத்தால் எது பிரகாசமாக எரியும்? பேட்டரியிலிருந்து மின்னோட்டம் முதலில் வந்து சேரும் பல்பு என்றே பாதிக்கு மேற்பட்ட பிள்ளைகள் சொல்லும். ஏன் என்று கேட்டால், “முதல் பல்பு கரண்ட்டைத் தின்னுடும் மிஸ், மிச்சம்தான் அடுத்ததுக்குப் போகும்” என்று பதில் வரும். இதை முட்டாள்தனம் என்று சொல்லமாட்டேன். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மீட்டர் பார்த்து, செலவான யூனிட்டுக்குக் காசு கட்டும் வீட்டில் வளர்ந்த பிள்ளை வேறு எப்படி நினைக்கும்? உலகம் முழுக்கப் பிள்ளைகள் இப்படித்தான் நினைக்கிறார்கள் என்று கற்பித்தல் ஆய்வாளர்கள் பல பத்தாண்டுகளாக எழுதிவருகிறார்கள். ஓம் விதியை ஒப்பிப்பவர்களும் உள்ளுக்குள் இதையே நம்பிக்கொண்டிருக்க முடியும். கணக்குப் போடும்போது அது வெளியே தெரியாது.

பதிலை அனுப்பிய பிறகுதான் மாதிரியில் கட்டிப் பார்க்கிறார்கள். 9 வோல்ட் பேட்டரி, 10 ஓம் பல்புகள் இரண்டு. அம்மீட்டரை முதல் பல்புக்கு முன்னால் வைத்தாலும், நடுவில் வைத்தாலும், இரண்டாவதைத் தாண்டி வைத்தாலும் 0.45 ஆம்பியர். இரண்டு பல்பும் ஒரே அளவு எரிகின்றன. தனியாக எரிந்ததைவிட மங்கல். இப்போது கொஞ்சம் சண்டை வரும். சிலர் ஆப் தப்பு என்பார்கள். ஒருவன் கேட்டான்: “பின்னாடி இன்னொரு பல்பு இருக்குன்னு முதல் பல்புக்கு எப்படி மிஸ் தெரியும்?” இதைவிட நல்ல இயற்பியல் கேள்வியை நான் எந்தப் பாடநூலிலும் பார்த்ததில்லை. மின்னோட்டம் செலவாவதில்லை, சுற்று முழுக்க ஒன்றாகவே ஓடுகிறது, செலவாவது ஆற்றல் என்ற இடத்துக்கு அந்தக் கேள்வியே வகுப்பைக் கூட்டிக்கொண்டு போனது.

ஆக, இந்தத் தொழிலில் பெரும்பொழுது கழிவது சரியான விடையை எழுதுவதில் அல்ல. தப்பு விடைகளை எழுதுவதில்தான். வினாத்தாள் கடைகளில் விற்கும் ஒரு மதிப்பெண் வினாக்களைப் பாருங்கள்: ஒரு சரியான விடை, அதோடு யாரும் தேர்ந்தெடுக்காத மூன்று உதிரிகள். ஓம் என்ற விடைக்குப் பக்கத்தில் கிலோகிராம். அதைத் தொடும் பிள்ளை கவனக்குறைவாக இருந்தது என்பதைத் தவிர வேறெதுவும் நமக்குத் தெரியவராது. நல்ல தப்பு விடை பிள்ளைகளின் வாயிலிருந்து வர வேண்டும். 1992இல் ஹெஸ்டனஸ், வெல்ஸ், ஸ்வாக்ஹாமர் ஆகிய மூவர் அமெரிக்காவில் வெளியிட்ட விசை பற்றிய ஒரு வினாத்தொகுப்பு இயற்பியல் ஆசிரியர்களிடையே பெயர்பெற்றது. நியூட்டன் விதிகளைப் படித்த கல்லூரி மாணவர்களே அதில் தடுமாறினார்கள். தப்பு விடைகள் ஒவ்வொன்றும் சாதாரண மனிதர் உண்மையிலேயே நம்பும் ஒன்றாக இருந்ததுதான் காரணம். நானும் முதலில் விருப்பத்தேர்வே இல்லாமல் திறந்த கேள்வியாகக் கேட்பேன். வரும் பதில்களைச் சேர்த்துவைத்து, அடுத்த முறை அவற்றையே அ, ஆ, இ என்று போடுவேன். கூகுள் ஃபார்மில் எந்த விடையைத் தொட்டால் எந்தப் பகுதிக்குப் போக வேண்டும் என்று அமைக்க முடியும். கரண்ட்டைத் தின்னும் பல்பைத் தேர்ந்தெடுத்தவருக்கு ‘தவறு’ என்ற சிவப்பு எழுத்து வராது. அம்மீட்டரை எங்கெங்கே வைத்துப் பார்க்க வேண்டும் என்று அடுத்த பக்கம் வரும்.

திறந்த கேள்விக்கு வரும் பதில்களைப் படிப்பது தனி வித்தை. முக்கால்வாசி தங்கிலீஷில் வரும். தமிழில் தட்டத் தெரியாது என்பதல்ல, ஆங்கில எழுத்தில் விரல் வேகமாக ஓடுகிறது. இதைத் திருத்தப்போனால் பதிலே சுருங்கி ஒற்றைச் சொல்லாகிவிடும். அதனால் குரல் பதிவாகவே அனுப்பச் சொல்லிவிட்டேன். எழுத்தில் ‘தெரியலை’ என்று போடுகிறவர்கள் குரலில் அரை நிமிடம் பேசுகிறார்கள். வகுப்பில் வாயே திறக்காத பெண்பிள்ளைகள் பேசுகிறார்கள், பின்னணியில் குக்கர் விசிலோடு. தப்பாகச் சொன்னால் சிரிப்பதற்கு அங்கே யாரும் இல்லை.

வீட்டில் இருப்பது பெரும்பாலும் அப்பாவின் போன். அவர் வேலை முடிந்து மின்சார ரயிலில் வந்து இறங்கும்வரை அது வீட்டுக்கு வராது. வந்தபின் தம்பி தங்கைகளின் ஷார்ட்ஸ் போக மிஞ்சும் நேரம், அன்றைய டேட்டாவில் மிஞ்சும் கொசுறு. இதற்கு ஏற்றபடிதான் தயாரிக்க வேண்டும். காணொளி கூடாது. ஒரு திரைக்கு ஒரு கேள்வி. தமிழ்ச் சொற்கள் நீளமானவை. ‘மின்னழுத்த வேறுபாடு’ சின்னத் திரையில் இரண்டாக உடைந்து நிற்கும். ஆதலால் வாக்கியம் குட்டையாக இருக்க வேண்டும். ஃபெட் மாதிரிகளை ஒரே கோப்பாக இறக்கி இணையம் இல்லாமலும் ஓட்டலாம் என்பது பெரிய வரம். ஒருவர் இறக்கினால் தெருவுக்கே போய்ச் சேரும். பள்ளிகளின் ஹைடெக் லேப் பற்றிக் கேட்பவர்களுக்கு: நல்ல விஷயம்தான், ஆனால் ராத்திரி ஒன்பது மணிக்கு அது திறந்திருப்பதில்லை.

கஹூட் மாதிரியான பந்தய வினாடி வினாக்களை நான் குறைத்துவிட்டேன். பிள்ளைகளுக்கு அவை ரொம்பப் பிடிக்கும்; இசையும் மேடையும் கொண்டாட்டமும் எனக்கும் பிடிக்கும். ஆனால் சீக்கிரம் தொட்டவருக்கு அதிகப் புள்ளி என்பது அதன் அடிப்படை. யோசிப்பவர் தோற்கிறார். கேள்வி கேட்டபின் ஆசிரியர் மூன்று நொடி பேசாமல் காத்திருந்தாலே பதில்கள் நீளமாகவும் ஆழமாகவும் வருகின்றன என்று மேரி பட் ரோ 1970களிலேயே ஆராய்ந்து சொல்லிவிட்டார். இதற்கு நேர்மாறாகக் கடிகாரத்தைத் தலைக்குமேல் ஓடவிடுவது, பெயர்ச்சொற்களைத் திருப்பிப் பார்க்க உதவும், அதற்குமேல் உதவாது.

அண்மையில் வந்திருக்கும் தலைவலி வேறு. கேள்வியைப் படமெடுத்து லென்ஸில் போட்டாலோ, செயற்கை நுண்ணறிவு ஆப்பில் தட்டினாலோ விடை விளக்கத்தோடு வந்துவிடுகிறது. “என்ன ஆகும் என்று நினைக்கிறாய்?” என்ற கேள்விக்கு இன்னொருவர் நினைத்ததை அனுப்புகிறார்கள். திட்டிப் பயனில்லை. போனிடம் தயாராக விடை இல்லாத கேள்வியைக் கேட்பதுதான் எனக்குத் தெரிந்த வழி, அதாவது அவர்கள் தெருவைப் பற்றிக் கேட்பது.

ஒன்பதாம் வகுப்புச் சமூக அறிவியலில் நிலவரைபடமும் பேரிடர் மேலாண்மையும் வருகின்றன. தாம்பரத்தில் அந்தப் பாடத்துக்கு வெளியூர் உதாரணம் தேவையில்லை. 2015 டிசம்பர் 1 காலையிலிருந்து மறுநாள் காலைவரை இங்கே பெய்தது 49 சென்டிமீட்டர். இப்போது என்னிடம் படிப்பவர்கள் அன்றைக்கு மொட்டைமாடியில் யாரோ தூக்கி வைத்திருந்த சின்னப் பிள்ளைகள். முதல் வேலை, வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுப் பதிவு செய்வது: தண்ணீர் எந்தப் பக்கமிருந்து வந்தது, எவ்வளவு உயரம் நின்றது. இரண்டாவது, தங்கள் தெருவில் விழும் மழை எங்கே போய்ச் சேரும் என்று ஊகிப்பது. மூன்றாவதுதான் கூகுள் எர்த். சிட்லபாக்கத்துப் பிள்ளையின் தண்ணீர் செம்பாக்கம், நன்மங்கலம் ஏரிகள் வழியாகப் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்துக்குப் போகிறது. முடிச்சூர்ப் பிள்ளையின் தண்ணீர் அடையாற்றுக்கு. ஒரே பெஞ்சில் உட்காருகிறவர்கள் இரண்டு வேறு நீர்வழிக்காரர்கள் என்பது அவர்களுக்குப் பெரிய வேடிக்கை. கூகுள் எர்த் காட்டும் உயர எண்களை மட்டும் அப்படியே நம்பக்கூடாது என்று முதலிலேயே சொல்லிவிடுவேன். நம்மூர் மாதிரியான தட்டையான நிலத்தில் இரண்டு மூன்று மீட்டர் பிழைகூடத் தண்ணீரைத் திருப்பிவிட்டுவிடும்.

பிறகு வருவது எனக்குப் பிடித்த தப்பு விடை. முடிச்சூரும் வரதராஜபுரமும் ஏன் மூழ்கின? செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்துவிட்டதால். பிள்ளைகள் மட்டுமல்ல, குரல் பதிவில் தாத்தாவும் அதையே சொல்கிறார். அன்றிரவு அந்த ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி திறந்தது உண்மை. அந்தத் தண்ணீர் அடையாற்றில் வந்து சேரும் இடத்தை விரலால் தேடிப் பிடிக்கச் சொல்வேன். திருநீர்மலைப் பக்கம் போய் நிற்கும். அப்புறம் முடிச்சூரைத் தேடச் சொல்வேன். அது ஆற்றில் அதற்கு மேலே இருக்கிறது. ஏரித் தண்ணீர் ஆற்றில் ஏறிவர முடியாதே! ஆதனூர், மண்ணிவாக்கம் பக்கத்து ஏரிகளின் உபரியும் அன்று கொட்டிய மழையும் என்று பிள்ளைகள் தாங்களே வந்து சேர்வார்கள். சில வீடுகளில் ராத்திரிச் சாப்பாட்டு நேரத்தில் இதற்காக வாக்குவாதம் நடந்தது என்று கேள்வி.

போன பருவத்தில் முடிச்சூரிலிருந்து வரும் பெண் ஒருத்தி, எல்லாம் முடிந்த பிறகு ஒரு குரல் பதிவு அனுப்பினாள். “மிஸ், ஏறி வராதுதான். ஆனா கீழ ஆறு ரொம்பி நின்னுச்சுன்னா, மேல இருக்கிற தண்ணி இறங்க இடமில்லாம நின்னிருக்கலாம் இல்ல?” அதை ‘எதிர்த்தேக்கம்’ என்பார்கள். முடிச்சூர்வரை அது எட்டியிருக்குமா என்று சொல்ல ஆற்றின் சரிவும் ஓட்டமும் வைத்துக் கணக்குப் போட வேண்டும். பத்தாம் வகுப்புக் கணக்கு அதற்குப் போதாது. அவள் சொன்னதை இந்த ஆண்டு ஃபார்மில் ‘ஈ’ என்று சேர்த்திருக்கிறேன். அந்தக் கேள்விக்கு மட்டும் மதிப்பெண் ஏதும் அமைக்கவில்லை.