பேத்தமங்களாவில் ஷோகி

2024 அக்டோபர் 6, ஞாயிறு

காய் வெட்டும் வேலை இன்றுதான் முடிந்தது. ஜப்பானியச் சதுரங்கமான ஷோகிக்கு ஆளுக்கு இருபது காய், ஒரு செட்டுக்கு நாற்பது. ராபர்ட்சன்பேட்டை ஆசாரி மிச்சப் பிளைவுட்டில் அறுத்துக் கொடுத்தார். எல்லாம் ஐந்து முனை உள்ள ஆப்பு வடிவம். ராஜா பெரிது, சிப்பாய் சிறிது, அவ்வளவுதான் வித்தியாசம்.

"ரெண்டு பக்கத்துக்கும் ஒரே கலர் விட்டா சண்டைதான் சார் வரும்" என்றார். கூர்முனை எதிராளியைப் பார்த்து நிற்கும், காய் யாருடையது என்பதை அதுவே சொல்லிவிடும், வெட்டிய காயை நாமே திரும்பப் பலகையில் இறக்கி ஆடலாம், அதனால்தான் நிறம் கிடையாது என்றேன். ரம்பத்தைக் கீழே வைத்துவிட்டு, "இறக்கலாமா? எங்க வேணும்னாலுமா?" என்று கேட்டார். அந்தக் கேள்வி கேட்டவர் யாரும் இந்த ஆட்டத்தை விட்டுப் போய் நான் பார்த்ததில்லை.

காயின் மேல் என்ன எழுதுவது என்பதில் இரவு முழுக்க யோசனை. ஜப்பானிய எழுத்தை மட்டும் எழுதினால் புதியவர் மிரண்டுபோவார். அம்புக்குறி மட்டும் போட்டால் அன்றே ஆடுவார். ஆனால் தெந்தோவில் செய்த நல்ல மரக்காயை ஒருநாள் கையில் கொடுத்தால் விழிப்பார். ஜப்பானின் மரக்காய்களில் பெரும்பங்கு அந்த ஒரே ஊரிலிருந்துதான் வருகிறது. புத்தகங்களின் கட்டப்படங்களிலும் எழுத்துதான். ஆகவே எழுத்தைப் பெரிதாக எழுதி, ஓரத்தில் சிறு புள்ளிகளால் நடையைக் காட்டியிருக்கிறேன். எழுத்து பழகியதும் புள்ளியைத் தேய்த்துவிடலாம்.

அக்டோபர் 13, ஞாயிறு

ஆயுத பூஜைக்குக் கட்டிய வாழைக்கன்று வாசலில் இன்னும் வாடி நிற்கிறது. தெருப் பிள்ளைகள் வந்தார்கள். அவர்களுக்கு நாற்பது காய் எதற்கு? பன்னிரண்டு கட்டம், ஆளுக்கு நாலு காய் போதும்: சிங்கம், யானை, ஒட்டகச்சிவிங்கி, கோழிக்குஞ்சு. மடோகா கிதாவோ என்ற தொழில்முறை ஆட்டக்காரப் பெண்மணி 2008இல் அமைத்த குட்டி ஷோகி இது. படம் வரைந்தவர் மைகோ ஃபுஜிதா. குஞ்சு கடைசி வரிசையை எட்டினால் கோழியாகும். சிங்கத்தைப் பிடித்தால் வெற்றி. நம் சிங்கம் பத்திரமாக எதிர்க்கரை சேர்ந்தாலும் வெற்றி. வெட்டுவது, இறக்குவது, பதவி உயர்வு என்று பெரிய ஆட்டத்தின் உயிர் எல்லாம் இதற்குள் இருக்கிறது.

பெரிய பலகையை விரித்துவைத்து வரலாறு சொல்லித் தொடங்குகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. பிள்ளை உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் ஒருமுறை ஜெயித்து, ஒருமுறை தோற்றிருக்க வேண்டும்.

அக்டோபர் 20, ஞாயிறு

இன்று பெரியவர்கள். இந்த ஊர்ப் பக்கம் ஆட்டம் வைக்க ஞாயிற்றுக்கிழமையை விட்டால் வேறு நாள் இல்லை. 2001 பிப்ரவரி 28இல் தங்கச் சுரங்கத்தை மூடிய பிறகு கோலார் தங்கவயலில் பாதிப் பேரின் பிழைப்பு பெங்களூரில். விடியுமுன் மாரிக்குப்பத்தில் ரயில் ஏறி, இருட்டிய பின் திரும்புகிறவர்களிடம் வாரநாளில் வா என்று சொல்வது பாவம்.

வந்தவர்களைப் பாருங்கள். ஊர்காவ்ன் பையன் ஒருவன். நருட்டோ கார்ட்டூனில் ஷிகாமாரு ஆடுவதைப் பார்த்தே விதி பாதி தெரிந்துவைத்திருக்கிறான். பெங்களூரில் கணக்கு வேலை பார்க்கும் ஒரு பெண். கல்லூரி செஸ் அணியில் இருக்கும் தம்பி. சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் வேலைபார்த்து ஓய்ந்த அண்ணன் ஒருவர், எழுபதைத் தாண்டியவர். இவர்களை எப்படி ஒருவருக்கொருவர் எதிரே உட்காரவைப்பது? எந்த ஊரிலும் ஆட்டக் கூட்டம் இந்த இடத்தில்தான் உடையும். தெரிந்தவர் மூன்று வாரம் ஜெயித்துச் சலிப்பார், தெரியாதவர் மூன்று வாரம் தோற்று நின்றுவிடுவார்.

ஷோகியில் இதற்கு ஒரு நல்ல வழி உண்டு. பலம் கூடியவர் தன் காய்களில் சிலவற்றை முன்னமே எடுத்துவைத்துவிட்டு ஆடுவார். மிகவும் புதியவரோடு என்றால் தேர், மந்திரி, இரண்டு குதிரை, இரண்டு ஈட்டி என்று ஆறையும் எடுத்துவிட வேண்டும். பிறகு நாலு: தேர், மந்திரி, இரண்டு ஈட்டி. பிறகு தேரும் மந்திரியும் மட்டும். அப்புறம் தேர் மட்டும், அதற்கும் மேலே மந்திரி மட்டும், கடைசியில் ஒரே ஒரு ஈட்டி. காய் கொடுத்தவர்தான் முதலில் நகர்த்துவார். இதில் கேவலம் ஒன்றுமில்லை. ஜப்பானில் பெரிய பட்டம் வாங்கியவர்களும் ரசிகர்களுக்குக் கற்றுக்கொடுக்கும்போது இப்படித்தான் ஆடுகிறார்கள். செஸ்ஸில் ஒருகாலத்தில் இருந்த இந்தப் பழக்கம் தேய்ந்துபோனது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

கம்பெனி என்னைப் பயிற்சிக்கு ஜப்பான் அனுப்பியிருந்தபோது, விடுதிக்குப் பக்கத்துச் சமுதாயக் கூடத்தில் ஒரு முதியவர் ஆறு காயை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, உட்கார் என்று கையைக் காட்டினார். எங்களுக்குள் பொதுவாக ஒரு பாஷையும் இல்லை. நான் முன்னேற முன்னேற ஒவ்வொரு காயாகத் திரும்பப் பலகைக்கு வந்தது. எவ்வளவு கற்றிருக்கிறேன் என்பதை அதைப் பார்த்தே தெரிந்துகொண்டேன்.

இங்கே எங்கள் விதி: தொடர்ந்து மூன்று முறை ஜெயித்தால் ஒரு படி ஏற்றம். நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.

சுரங்கத்து அண்ணன் முதல் காயைப் பிடித்துக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு என் ராஜாவுக்கு நேர்முன்னால் அதை இறக்கினார். "பிடிபட்டவன் செத்தவன் இல்ல சார், ஷிப்டு மாறினவன்." நான் எத்தனையோ புத்தகத்தில் படித்த விளக்கங்களைவிட இது நேராகப் போய்ச் சேர்ந்தது.

அக்டோபர் 27, ஞாயிறு

வெள்ளித் தளபதியின் நடைதான் எல்லோரையும் குழப்புகிறது. தங்கத் தளபதியின் நடையைச் சட்டென்று பிடித்துக்கொள்கிறார்கள் (இந்த மண்ணில் பிறந்தவர்களுக்குத் தங்கம் என்றால் ஒரு பிரியம்). வெள்ளி நேர்முன்னே ஒரு கட்டம், நாலு மூலைக்கும் ஒரு கட்டம் போகும். பக்கவாட்டில் போகாது, நேர்பின்னேயும் போகாது. எத்தனை தடவை சொன்னாலும் மறந்துபோகிறது.

இன்று வேறு விதமாகச் சொன்னேன். பதினோராம் நூற்றாண்டில் இந்தியாவுக்கு வந்த அல்பிரூனி, இங்கே ஆடிய சதுரங்கத்தை எழுதிவைத்திருக்கிறார். அதில் யானைக்கு ஐந்து நடை: நாலு மூலை நாலு கால், முன்னே ஒன்று தும்பிக்கை. ஷோகியின் வெள்ளி அப்படியே அதுதான். பர்மாவின் சித்துயின் ஆட்டத்தில் அதே நடை, பெயரும் யானையே. தாய்லாந்தின் மக்ருக்கிலும் அந்த நடை இருக்கிறது. நம்மிடம் மறைந்த யானை கிழக்கே நடந்துபோய் அங்கே நிலைத்துவிட்டது போலும். நாரா நகரத்துக் கோஃபுகுஜி கோயிலில் 1993இல் தோண்டியெடுத்த பதினாறு காய்கள்தான் கிடைத்ததிலேயே பழையவை. கூடக் கிடைத்த எழுத்துள்ள மரச்சீட்டின்படி ஆண்டு 1058. அதிலும் வெள்ளி இருக்கிறது.

அதற்குப் பிறகு யாரும் தப்பாக நகர்த்தவில்லை. "ஆனையை ஏத்து, ஆனையை ஏத்து" என்று வராந்தாவே அதிர்ந்தது.

நவம்பர் 3, ஞாயிறு

தீபாவளி முடிந்த கையோடு மழை. ஏரிக்கரை ரோட்டில் சேறு. வந்தவர்கள் கொஞ்சம் பேர்; ஆட்டத்தைவிடப் பேச்சு அதிகம்.

அண்ணன் பழைய சதுரங்கத்தைப் பற்றிச் சொன்னார். லைன் வீட்டுத் திண்ணைகளில் அவர்கள் ஆடியபோது ராஜா ஆட்டத்துக்கு ஒருமுறை குதிரைபோலத் தாவலாம். சிப்பாய் முதல் நடையிலும் ஒரு கட்டம்தான் நகரும். ஊருக்கு ஊர் விதி மாறும். நாட்டில் இப்படி இருந்த காலத்தில்தான் மானுவல் ஆரோன் வந்தார். 1935இல் பர்மாவில் பிறந்தவர், 1961இல் இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டர், 1959க்கும் 1981க்கும் இடையே ஒன்பது முறை தேசிய சாம்பியன். எனக்கு அந்தப் பட்டங்களைவிடப் பெரிதாகத் தெரிவது 1972இல் சென்னை சோவியத் கலாசார மையத்தில் அவர் தொடங்கிய தால் செஸ் கிளப். அங்கே இடம் இருந்தது, பலகை இருந்தது, ரஷ்யப் புத்தகங்கள் இருந்தன, யாரும் வந்து ஆடலாம். சிறுவன் ஆனந்த் அங்கே ஆடி வளர்ந்தான். 1988இல் நாட்டின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனான். ஆரோன் தொடங்கிய காலத்தில் உலக விதி செஸ்ஸும் நம் திண்ணைகளுக்கு அந்நிய ஆட்டம்தான்.

ஷோகிக்கு அப்படி ஒருவர் இங்கிலாந்தில் இருந்தார், ஜார்ஜ் ஹாட்ஜஸ். ட்ரெவர் லெகெட் 1966இல் ஆங்கிலத்தில் எழுதிய புத்தகத்துக்குப் பிறகு மேற்கே படிக்க ஒன்றும் பெரிதாக இல்லாதபோது, 1975இல் ஒரு சங்கம் தொடங்கினார். 1976 முதல் 1987 வரை பத்திரிகை நடத்தினார், எழுபது இதழ். காய்செட்டும் விற்றார். 1985இல் ஐரோப்பிய நாடுகளின் ஷோகி சங்கங்கள் ஒரு கூட்டமைப்பாகச் சேர்ந்தன. அதிலிருந்து ஐரோப்பிய சாம்பியன் போட்டி நடந்துவருகிறது. போலந்தைச் சேர்ந்த கரோலினா ஸ்டிச்சின்ஸ்கா 2017இல் ஜப்பானில் தொழில்முறைப் பெண் ஆட்டக்காரர் ஆனார். ஜப்பானியர் அல்லாதவர்களில் அவர்தான் முதல். அவருக்கும் ஷோகி அறிமுகமானது நருட்டோவில்தான். ஊர்காவ்ன் பையனிடம் இதைச் சொன்னேன். ஒன்றும் பேசவில்லை, அடுத்த ஆட்டத்தில் என்னை நன்றாக நெருக்கினான்.

நவம்பர் 10, ஞாயிறு

எங்கும் குகேஷ் பேச்சு. செப்டம்பரில் புடாபெஸ்ட் செஸ் ஒலிம்பியாடில் பொது, பெண்கள் இரண்டு பிரிவுத் தங்கமும் நமக்கு. இந்த மாதக் கடைசியில் சிங்கப்பூரில் டிங் லிரெனோடு உலகப் பட்டத்துக்கு ஆடப்போகிறார். கல்லூரித் தம்பி, "அங்க யாரு சார் குகேஷ்?" என்று கேட்டான். ஃபுஜி சோட்டாவைச் சொன்னேன்: 2023 அக்டோபரில், இருபத்தோரு வயதில், ஷோகியின் எட்டுப் பெரும் பட்டங்களையும் ஒருசேரக் கையில் வைத்திருந்தவர், இந்த ஜூனில் அதில் ஒன்றைத் தன் வயதுக்காரரான இத்தோ தாக்குமியிடம் இழந்தார்.

அடுத்த ஞாயிறு போட்டி. இரண்டு விஷயத்தை இன்றே முடிவு செய்தோம். ஒரே நெடுவரிசையில் பதவி உயராத தன் சிப்பாய் இரண்டை வைத்தால் அந்தக் கணமே தோல்வி. தொலைக்காட்சியில் ஒளிபரப்பான ஆட்டத்திலேயே தொழில்முறைக்காரர் இப்படித் தோற்றிருக்கிறார். இதுவரை எச்சரித்து விட்டுவந்தோம். போட்டியில் விடக்கூடாது என்று கணக்குவேலைப் பெண்தான் வற்புறுத்தினார். அவர் சொன்னது சரி. விதியைத் தளர்த்தினால் வெளியூர் போய் ஆடும்போது நம் பிள்ளைகள்தான் அவமானப்படுவார்கள்.

இரண்டாவது, தோற்றவர் எழுந்து போகக்கூடாது. தோற்றேன் என்று வாய்விட்டுச் சொல்லி, தலை வணங்கி, பிறகு இருவரும் சேர்ந்து ஆட்டத்தைத் திரும்ப அடுக்கிப் பார்க்க வேண்டும். இதில் மட்டும் நான் ஒருவருக்கும் சலுகை தரப்போவதில்லை. ஜெயித்தவர் பயந்த இடம் எது என்று தோற்றவருக்கு அப்போதுதான் தெரியும்.

நவம்பர் 17, ஞாயிறு

ஜப்பானில் இன்று ஷோகி நாள். எடோ கோட்டையில் ஷோகுன் முன்னிலையில் ஆண்டுக்கொருமுறை ஆடிய ஆட்டத்தின் நினைவாக வைத்தது. அது ஞாயிறாகவும் அமைந்தது எங்கள் பாக்கியம்.

ஆளுக்குப் பதினைந்து நிமிஷம், தீர்ந்தால் நகர்வுக்கு முப்பது விநாடி. போன் கடிகாரம் போதுமானதாக இருந்தது. சமபலக்காரர்கள் ஐந்து சிப்பாய்களைக் குலுக்கிப் போட்டு யார் முதல் என்று பார்த்தார்கள். மற்றவர்களுக்கு நோட்டில் உள்ள படியின்படி காய் எடுத்தோம். ஒவ்வொரு சுற்றிலும் ஒரே அளவு வெற்றி பெற்றவர்களைச் சேர்த்துவிட்டோம். மத்தியானம் களியும் கீரைக் குழம்பும்.

அண்ணன் நாலு காய் வாங்கிக்கொண்டு ஊர்காவ்ன் பையனைத் தோற்கடித்தார். ராஜாவை மூலையில் தள்ளி, பிடித்துவைத்திருந்த இரண்டு தங்கத்தையும் அடுத்தடுத்து இறக்கினார். பையன் தோற்றேன் என்று வணங்கிவிட்டு, "தாத்தா, நான் இந்த இடத்துல ஈட்டியை எடுத்திருந்தா?" என்று உடனே அடுக்க ஆரம்பித்தான். அடுத்த சுற்றுக்குக் கூப்பிட்டபோதுதான் எழுந்தார்கள். போட்டியில் முதலாவதாக வந்தது கணக்குவேலைப் பெண். கல்லூரித் தம்பிக்கு இரண்டாமிடம். மூன்றாம் சுற்றில் இரட்டைச் சிப்பாய் வைத்துத் தோற்றான், முறையிடவில்லை.

கிளம்பும்போது அந்தப் பெண் கேட்டார்: "சார், எங்க பெட்டியில தினம் போக ரெண்டு மணி நேரத்துக்கு மேல, வர ரெண்டு மணி நேரத்துக்கு மேல. நாலு பேரு சும்மாதான் போனைத் தேய்க்கிறாங்க. ரயில்ல ஆடற மாதிரி ஒண்ணு பண்ணித் தர்றீங்களா?" ஆட்டத்தில் காய் இறக்க வேண்டும், ஆகவே கையில் பிடித்த காய்களுக்கும் இடம் வேண்டும், பெட்டி குலுங்கும், ஆகவே காந்தம் வேண்டும். தகரத் தட்டில் கட்டம் கீறி, காய்க்கு அடியில் காந்த ஷீட் ஒட்டினால் நடக்கும் என்று தோன்றுகிறது. பக்கத்துக்கு ஒரு சின்ன டப்பா. நாளைக்கு ஆசாரியிடம் அளவு கொடுக்க வேண்டும்: இரண்டு செட், சிப்பாய் விரல்நகம் அளவுக்கு. புள்ளி வேண்டாம், அவருக்கு எழுத்து பழகிவிட்டது. பெட்டியில் உள்ள மற்றவர்களுக்காக ஒரு செட்டில் மட்டும் போடச் சொல்கிறேன்.