நிறமும் ஸ்பரிசமும்

இரண்டாம் ஆண்டுப் பல் மருத்துவ மாணவர்களுக்குச் சொத்தையடைப்பின் பாலபாடத்தைக் கற்பிக்கையில், நிமிஷத்துக்கு 3 லட்சம் சுற்றுக்கும் மேல் சுழலக்கூடிய ஏரோட்டரை அவர்கள் கையில் கொடுப்பதற்கு முன்னால், பேனாப் பிடியும், மோதிர விரலைப் பக்கத்துப் பல்லின்மீது ஊன்றும் அப்பியாசமும் கைவர வேண்டுமென்று வற்புறுத்துகிறேன். கருவி வழுக்கும் க்ஷணத்தில் நோயாளியின் நாவையும் கன்னத்தையும் காப்பது அந்த ஊன்றிய விரலே.

1908-இல் வெளிவந்த பெருநூலில் சொத்தைகளை இடவாரியாக வகுத்த அமெரிக்கர் ஜி. வி. பிளாக், நோய் பரவாதிருக்கக் குழியை விரித்து வெட்டச் சொன்னார். 1955-இல் மைக்கேல் புவோனகோர், பாஸ்பாரிக் அமிலம் தடவிய எனாமலில் பிசின் பற்றிக்கொள்ளும் என்று காட்டிய பிறகு, நல்ல பல்லை வெட்டும் அவசியம் படிப்படியாகக் குறைந்தது. ஆயினும், பல்லோடு ஒட்டாத அமால்கத்துக்காக உள்ளே அகன்று வாயில் குறுகிய குழியை வெட்டப் பழகாத கைக்கு, அளவறிந்து நிறுத்தும் கட்டுப்பாடு எளிதில் வருவதில்லை என்பது என் திடமான அபிப்பிராயம்.

போன வாரம், பிடுங்கிய கடைவாய்ப் பல்லொன்றை ஸ்பூன் எக்ஸ்கவேட்டரால் சுரண்டிக்கொண்டிருந்த மாணவி, மெத்தென்று வந்துகொண்டிருந்த டென்டின் நிறம் மாறாமலே கெட்டிப்பட்டதை உணர்ந்து, “சார், பழுப்பாத்தான் இருக்கு, ஆனா கெட்டியா இருக்கே, எடுக்கணுமா?” என்று கேட்டாள். எனக்கு உண்டான ஆனந்தத்துக்கு அளவில்லை. பற்கூழை நெருங்கும் ஆழத்தில், நிறத்தைத் துரத்திச் சுரண்டுகிற கை, பிழைத்திருக்கக்கூடிய நரம்பைத் திறந்துவிடும். ஸ்பரிசத்தை நம்புகிற கை பழுப்பை விட்டு மூடும். விடச் சொன்னேன், மற்ற மாணவர்களையும் அழைத்து, எக்ஸ்ப்ளோரரால் அந்த இடத்தைத் தொட்டுப் பார்க்கச் செய்தேன்.