கேமன்ஸ் கேட் மணிக்கோபுரம்

கொழும்பு புறக்கோட்டையின் பிரதான வீதியோரத்தில், கடைகளின் நெரிசலுக்கு நடுவே, எந்தக் கட்டடத்தோடும் ஒட்டாமல் நிற்கிறது கேமன்ஸ் கேட் மணிக்கோபுரம். ஒல்லாந்தர் காலத்துக் கொழும்பின் வாசல்களில் ஒன்று இங்கே இருந்தது. வாசல் மறைந்துவிட்டது, அதன் பெயரும் இந்தக் கோபுரமும் எஞ்சியுள்ளன.

கோபுரத்தைவிட மணிக்கே வயது அதிகம். 16ஆம் நூற்றாண்டில் கோட்டே நகரில் போர்த்துக்கேயர் எழுப்பிய புனித பிரான்சிஸ் தேவாலயத்தில் அது தொங்கியது என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. 1543இல் இலங்கைக்கு வந்த பிரான்சிஸ்கன் துறவிகளுக்குக் கோட்டே முக்கியமான தளம். மன்னன் தர்மபாலன் 1557இல் ஞானஸ்நானம் பெற்றான். ஆனால் சீதாவாக்கைப் படைகளின் நெருக்குதலைத் தாங்க முடியாமல் 1565இல் போர்த்துக்கேயர் அரசனையும் அழைத்துக்கொண்டு கொழும்புக்குப் பெயர்ந்தார்கள். கைவிடப்பட்ட கோட்டேயின் இடிபாடுகளில் கிடந்த மணியை ஒல்லாந்தர் பின்னாளில் கண்டெடுத்து, கேமன்ஸ் கேட்டில் தொங்கவிட்டார்கள்.

அங்கே அது முதலில் செய்தது ஊர்க்காவல் வேலை. இரவில் ஊரடங்கும் நேரத்தை அது அறிவித்தது. பின்னர் அருகிலுள்ள மேட்டில் ஒல்லாந்தரின் வுல்வெண்டால் தேவாலயம் எழுந்தது. 1749இல் தொடங்கி 1757இல் அர்ப்பணிக்கப்பட்ட அந்தக் கட்டடம் சிலுவை வடிவமானது; சுவர்கள் ஏறக்குறைய ஐந்தடி தடிப்பானவை. அதன் ஆராதனைக்குச் சபையாரை அழைக்கும் பணியும் அடிவாரத்து மணிக்கே வந்து சேர்ந்தது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. 1656இல் கொழும்பைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் கத்தோலிக்க வழிபாட்டைத் தடைசெய்தவர்கள். 1687இல் மாறுவேடத்தில் வந்த யோசவ் வாஸ் அடிகளார் கரையோரத்தில் ஒளிந்தே பூசை செய்ய வேண்டியிருந்தது. அவருக்கு உறுதியான புகலிடம் கிடைத்தது, கண்டி இராச்சியத்தில்தான். குருமாரை விரட்டியவர்கள் அவர்களுடைய மணியை மட்டும் விடவில்லை. வெண்கலம் விலை மிக்கது, நல்ல வார்ப்பு அரிது. ஒலிக்கும் மணியை உருக்குவதைவிட மாட்டிவைப்பதே பயன் என்று அவர்கள் கருதியிருக்க வேண்டும்.

யாழ்ப்பாணத்திலும் இதுவே நடந்தது. அங்கே போர்த்துக்கேயரின் அற்புத மாதா தேவாலயம் பெயர் பெற்றது. அந்த மாதாவின் பெயரும் 1648 என்ற ஆண்டும் பொறித்த மணி ஒன்று, கோட்டைக்குள் ஒல்லாந்தர் 1706இல் கட்டிய தேவாலயத்துக்கு வந்து சேர்ந்தது. அந்தத் தேவாலயம் உள்நாட்டுப் போரில் தகர்ந்து இடிபாடாயிற்று.

வுல்வெண்டால் தப்பியது. 1796இல் ஆட்சி பிரித்தானியர் கைக்கு மாறிய பிறகும் சபை கலையவில்லை. கோட்டைக்குள் இருந்த பழைய தேவாலயத்தில் புதைக்கப்பட்டிருந்த ஒல்லாந்த ஆளுநர்களின் எச்சங்கள் 1813இல் இங்கே கொண்டுவரப்பட்டன. ஒல்லாந்த மொழி வழக்கொழிந்த பின் தமிழ், சிங்களம், ஆங்கிலம் ஆகிய மொழிகளில் ஆராதனை நடக்கலாயிற்று.