ஊர்தோறும் ஓர் இசைத்தட்டுக் கடை

நுழையும்முன்

புதிய ஊருக்குச் செல்பவர்களுள் சிலர் கோயிலைத் தேடுவர். சிலர் கடைத்தெருவைத் தேடுவர். பழைய இசைத்தட்டு விற்கும் கடை எங்கே இருக்கிறது என்று கேட்டுச் செல்வோரும் உண்டு. அவ்வாறு தேடிய ஒருவரைப் பற்றியும், அவர் தேடிய பொருளைப் பற்றியும் இப்பாடம் பேசுகிறது.

திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு வழியாகப் பொன்முடிக்குச் செல்லும் சாலையில் உள்ள மலையடிவார ஊர் வித்துரா. அங்கிருந்து பிரியும் பாதை ஒன்று போனக்காடு தேயிலைத் தோட்டத்தை நோக்கி ஏறுகிறது. அகத்தியர் மலைக்குச் செல்வோர் அப்பக்கமிருந்தே நடக்கத் தொடங்குவர். தமிழர் பொதிகை என்று போற்றும் மலையின் மேற்குச் சரிவு இது. இம்மலைகளின் தோட்டங்களில் உழைப்பதற்காகத் தென்தமிழ்நாட்டிலிருந்து வந்து தங்கிய குடும்பங்கள் பல.

அத்தகைய குடும்பம் ஒன்றில் பிறந்தவர் அந்த ஓட்டுநர். வித்துராவிலிருந்து ரப்பர் சுமை ஏற்றிய லாரியை மதுரைக்கும் சென்னைக்கும், சில வேளைகளில் மும்பைக்கும் கொல்கத்தாவுக்கும் ஓட்டிச் செல்வது அவர் தொழில். சுமை இறக்கும் வரை ஓட்டுநருக்கு ஓய்வு. உடன் வந்தவர்கள் உறங்குவார்கள். அல்லது திரைப்படம் பார்க்கப் போவார்கள். அவரோ தோளில் ஒரு துணிப்பையை மாட்டிக்கொண்டு, "இங்கே பழைய ரிக்கார்டு எங்கே கிடைக்கும்?" என்று விசாரித்தவாறு தெருவில் இறங்குவார். அந்தத் துணிப்பையின் உள்ளே இரண்டு கெட்டி அட்டைகள் எப்போதும் இருக்கும். கிடைக்கும் தட்டை அவற்றுக்கிடையே வைத்து ஊர் கொண்டுவந்து சேர்ப்பதற்காகவே அந்த ஏற்பாடு.

அவர் தேடியது ஒரே ஓர் இசைத்தட்டு. செங்கோட்டை கங்காதர கிட்டப்பா பாடிய கீர்த்தனைத் தட்டு அது. கிட்டப்பா 1906-இல் பிறந்தார். 1933-இல், இருபத்தேழாம் வயதில் மறைந்தார். நாடக மேடையில் புகழ்பெற்ற அவர் திரைப்படம் எதிலும் நடிக்கவில்லை. ஆகவே அவர் குரல் இன்று நமக்கு எஞ்சியிருப்பது இசைத்தட்டுகளால்தான். செங்கோட்டை திருவிதாங்கூரின் பகுதியாகவும், பின்னர் 1956-ஆம் ஆண்டு வரை திருவிதாங்கூர்-கொச்சியின் பகுதியாகவும் இருந்தது. எனவே, மலைக்கு இப்பால் குடியேறிய தமிழர்களுக்குக் கிட்டப்பா தம் ஊர்க்காரரே.

ஓட்டுநரின் தந்தை தோட்டத்தில் கணக்குப் பார்த்தவர். அவர் செங்கோட்டைச் சந்தையில் ஒரு பழைய கிராமபோனையும் அந்த ஒரு தட்டையும் வாங்கி வந்தார். மழை பெய்யும் மாலைகளில் சாவி முறுக்கி அதனைச் சுழல விடுவார். பாட்டு மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும். மீண்டும் சாவி முறுக்குவார், ஊசியை மாற்றுவார், மீண்டும் கேட்பார். 1964-ஆம் ஆண்டு, பெரியவர்கள் வீட்டில் இல்லாத ஒரு நண்பகலில், பத்து வயதுச் சிறுவன் அத்தட்டைக் கையில் எடுத்தான். அது அவன் கையிலேயே இரண்டாகப் பிளந்தது. துண்டுகளை உறைக்குள் செருகிவிட்டு அவன் ஆற்றங்கரைக்கு ஓடிவிட்டான். தட்டைத் துடைத்து வைப்பது அக்காவின் வேலை. எனவே பழி அவள்மேல் விழுந்தது. தாய் இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. தந்தை ஒன்றும் சொல்லாமல் பெட்டியின் மூடியைச் சாத்தினார்; வேறு தட்டு வாங்கவே இல்லை. சிறுவன் வாய் திறக்கவில்லை. அக்காவும் மறுத்துப் பேசவில்லை.

வளர்ந்த பிறகு உண்மையைச் சொல்லப் பலமுறை எண்ணினார். ஆனால் வெறுங்கையோடு சென்று சொல்ல மனம் துணியவில்லை. அந்தத் தட்டைத் தேடிக் கொடுத்துவிட்டுச் சொல்வோம் என்று தமக்குத் தாமே தவணை கொடுத்துக்கொண்டார்.

தேடுபவர் முதலில் தாம் தேடும் பொருளை அறிய வேண்டும் அல்லவா? அவரும் கடைக்காரர்களிடம் கேட்டுக் கேட்டு அறிந்தார். எடிசன் 1877-இல் உருவாக்கிய ஒலிப்பதிவுக் கருவி உருளையைக் கொண்டது. தட்டையான வட்டத் தகட்டில் ஒலியைப் பதிக்கும் முறையை 1887-இல் எமில் பெர்லினர் கண்டார். இந்தியாவில் 1902-இல் கல்கத்தாவில் கௌஹர் ஜான் பாடிப் பதிவு செய்தார். அக்காலத்தில் தட்டு அச்சிடும் பணி செருமனியின் ஹானோவர் நகரில் நடந்தது. அங்குள்ள பணியாளர்கள் பாடியவரை அடையாளம் காண்பதற்காக, பாட்டின் முடிவில் அவர் தம் பெயரை ஆங்கிலத்தில் உரக்கச் சொல்வார். 1908-இல் கல்கத்தாவிலேயே தட்டு அச்சிடும் ஆலை தொடங்கப்பட்டது.

பழைய தட்டுகள் நிமிடத்திற்கு 78 முறை சுழல்பவை. அரக்குப் பூச்சி தரும் அரக்கோடு கல்தூள் முதலியவற்றைக் கலந்து அவற்றைச் செய்தனர். எனவே அவை கனமானவை. கண்ணாடி போல் உடையக்கூடியவை. 1948-இல் அமெரிக்காவில் வினைல் என்னும் நெகிழியாலான நெடுந்தட்டு வெளிவந்தது. அது நிமிடத்திற்கு 33⅓ முறை சுழலும். ஒரு பக்கத்தில் இருபது நிமிடத்திற்கு மேலும் பாட்டைத் தாங்கும். கீழே விழுந்தால் எளிதில் உடையாது. ஆனால் வெயில் பட்டால் வளைந்துவிடும். இரண்டும் இசைத்தட்டுகளே எனினும் இரண்டையும் ஒன்றுபோல் பேணக்கூடாது. வினைல் தட்டை மென்மையான சோப்பு நீரால் துடைக்கலாம். அரக்குத் தட்டில் சாராயம் கலந்த திரவம் படக்கூடாது. பட்டால் அரக்கு கரைந்து பாட்டும் அழியும். இரண்டு பருவமழையும் பெய்யும் வித்துரா போன்ற ஊர்களில் பூஞ்சையும் தட்டின் பகையாகும்.

எந்தக் கடை நல்ல கடை என்பதையும் அவர் நாளடைவில் கண்டறிந்தார். பெயர்ப்பலகையின் அளவு அதனைக் காட்டாது. தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்திருந்தால் அடியிலுள்ளவை வளைந்திருக்கும். நல்ல கடையில் அவை புத்தகங்களைப் போல் நிமிர்ந்து நிற்கும். நல்ல கடைக்காரர் தட்டின் விளிம்பையும் நடுவையும் மட்டுமே தொடுவார். பள்ளங்களில் விரல் படவிடார். வாங்குபவர் கேட்டுப் பார்க்க ஒரு சுழல்கருவியை ஆயத்தமாக வைத்திருப்பார். எல்லாவற்றுக்கும் மேலாக, தட்டின் குறையை வாங்குபவர் கண்டுபிடிக்கும் முன்னரே தாமே எடுத்துச் சொல்வார்.

கடை இல்லாத ஊர்களில் வேறு வழிகள் இருந்தன. திருமணத்திற்கும் திருவிழாவிற்கும் ஒலிபெருக்கி வாடகைக்கு விடுபவர்களிடம் பழைய தட்டுகள் பெட்டி பெட்டியாகக் கிடந்தன. வானொலி பழுது பார்ப்பவர்களும் பழைய இரும்புக் கடைக்காரர்களும் வழி சொன்னார்கள். கொல்கத்தாவின் மிர்சா காலிப் தெருவிலும், மும்பையின் சோர் பஜாரிலும், தில்லி ஜும்மா மசூதியை அடுத்த கடைகளிலும் அவர் மணிக்கணக்கில் நின்றார். அங்கெல்லாம் இந்துஸ்தானி இசையும் இந்திப் பாடல்களும் நிறைந்திருந்தன. கிட்டப்பா இல்லை. ஆயினும் அந்தக் கடைக்காரர்கள் அவரைத் திரும்ப அனுப்பும்போது, அடுத்த நகரத்தில் யாரைப் பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பினார்கள்.

சென்னையில் அவர் நம்பியிருந்தது மூர் மார்க்கெட். பழைய நூல்களுக்கும் இசைத்தட்டுகளுக்கும் பெயர்பெற்ற அந்தச் செங்கல் கட்டடத்தில், 1984-இல் ஒரு கடைக்காரர், "அடுத்த முறை வாருங்கள், எடுத்து வைக்கிறேன்" என்றார். 1985 மே 30 அன்று மூர் மார்க்கெட் தீக்கிரையாயிற்று. அடுத்த முறை லாரியோடு வந்தவர் கரிந்த சுவர்களைப் பார்த்துவிட்டுத் திரும்பினார். எத்தனையோ குரல்கள் அங்கு எரிந்திருக்கும். தாம் தேடிய குரலும் அவற்றுள் ஒன்றோ என்ற ஐயம் அவரை நெடுநாள் வருத்தியது.

சில ஆண்டுகள் கழித்து மதுரையில் ஓர் ஒலிபெருக்கிக் கடையில் கிட்டப்பாவின் அக்கீர்த்தனை கிடைத்தது. தட்டு பழுதின்றிப் பளபளத்தது. கடைக்காரர் அதனைச் சுழல விட்டார். அதே குரல், அதே கீர்த்தனை. ஆனால் ஏதோ குறைந்தது. சிறுவயதில் கேட்ட பாட்டில் 'டிக், டிக்' என்று சீரான ஒரு தட்டொலி உண்டு. பாடகர் போடும் தாளம் என்று அவர் எண்ணியிருந்த ஒலி அது. இந்தத் தட்டில் அது இல்லை.

"இது வேறு பதிவு" என்றார் ஓட்டுநர்.

"கிட்டப்பா பாடியது இதுதான் ஐயா. எனக்குத் தெரிந்து வேறு இல்லை" என்றார் கடைக்காரர்.

அவர் வாங்காமல் திரும்பிவிட்டார்.

1998-இல் சென்னை அல்லிக்குளம் வணிக வளாகத்தில், மூர் மார்க்கெட்டை இழந்தவர்களுக்கென அமைந்த கடைகளுள் ஒன்றில், மீண்டும் அந்தத் தட்டு வந்தது. முதியவரான கடைக்காரர் அதனை விளக்கொளியில் சாய்த்துக் காட்டினார்.

"பாருங்கள் ஐயா, விளிம்பிலிருந்து ஒரு விரிசல் ஓடுகிறது. இன்னும் பத்துப் பாட்டு தாங்குமோ இருபது பாட்டு தாங்குமோ, சொல்ல முடியாது. வாங்கச் சொல்லி நான் வற்புறுத்த மாட்டேன்."

"ஒரு முறை போட்டுக் காட்டுங்கள்."

ஊசி இறங்கியது. குரல் எழுந்தது. அதனுடன், ஒவ்வொரு சுற்றிலும், அந்தத் தட்டொலி. ஓட்டுநர் விலை பேசவில்லை. அட்டைகளுக்கிடையே தட்டை வைத்து, மடியில் ஏந்தியபடியே ஊர் வந்து சேர்ந்தார். அந்தப் பயணத்தில் வண்டியை உடன் வந்த ஓட்டுநரே ஓட்டினார்.

தந்தையின் கிராமபோன் அக்கா வீட்டில் இருந்தது. அவர் சாவி முறுக்கினார். புதிய ஊசி பொருத்தினார். அக்கா சுவரில் சாய்ந்து கண்மூடிக் கேட்டார். பாட்டு முடிந்தது. முப்பத்துநான்கு ஆண்டுகளாகச் சொல்லாததை அவர் சொன்னார்.

"அக்கா, அன்றைக்குத் தட்டை உடைத்தது நான்தான்."

அக்கா சிறிது நேரம் பேசவில்லை. பின்னர் கேட்டார்: "இந்தத் தட்டிலும் விரிசல் இருக்கிறதா, தம்பி?"

"இருக்கிறது. உனக்கு எப்படித் தெரியும்?"

"நம் வீட்டுத் தட்டிலும் இதே சத்தம் வரும். அப்பா வாங்கும்போதே அது விரிந்த தட்டுதான். அதனால்தான் மலிவாகக் கிடைத்தது. துடைக்கும்போது மெதுவாகத் துடை, என்றைக்காவது அது உடையும் என்று என்னிடம் சொல்லியிருந்தார். அவர் என்னைக் கடிந்து ஒரு சொல் சொல்லாததும் அதனால்தான்."

சுற்றுக்கொரு முறை ஊசி விரிசலைக் கடக்கும்போது எழும் ஒலியையே தாளம் என்று எண்ணியிருந்தோம் என்பதும், மதுரையில் கண்டது சரியான தட்டே என்பதும் அப்போதுதான் அவருக்கு விளங்கின. நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது போல் அவர் நிமிர்ந்தார். அக்கா அவரை நேராகப் பார்த்தார்.

"தட்டு உடைந்ததற்குக் காரணம் விரிசல். அன்று நீ பேசாமல் இருந்ததற்கு விரிசல் காரணமில்லை."

அவர் தலைகுனிந்தார். "ஆம், அக்கா" என்றார்.

"சரி. இன்னொரு முறை போடு. ஊசியை மாற்றிவிட்டுப் போடு."

இன்று இசையைக் கைப்பேசியில் நொடியில் வரவழைக்கலாம். கோட்டயம் மாவட்டத்துப் பிளாசனாலில் 2015-இல் கிராமபோன் காட்சியகம் ஒன்றும் திறக்கப்பட்டுள்ளது. பழைய கருவிகளையும் தட்டுகளையும் அங்குக் காணலாம். ஆயினும் வெளியூர் சென்றால் அந்த ஓட்டுநர் இன்றும் பழைய கடைகளைத் தேடிச் செல்கிறார். இப்போது அவருக்கு வாங்க வேண்டியது எதுவுமில்லை. தட்டை விளக்கொளியில் சாய்த்து, "இதில் ஒரு குறை இருக்கிறது" என்று தாமாகவே சொல்லும் கடைக்காரர் ஒருவரைக் கண்டால், அந்தக் கடையில் சற்று நேரம் அமர்ந்துவிட்டு வருகிறார்.

சொல்லும் பொருளும்

துணிதல் – தயக்கமின்றி முற்படுதல்
தவணை – குறித்த காலம்
ஐயம் – சந்தேகம்
கடிதல் – கண்டித்தல்
தீக்கிரை – தீயால் அழிதல்

சிந்தித்து எழுதுக

1. அரக்குத் தட்டுக்கும் வினைல் தட்டுக்கும் உள்ள வேறுபாடுகளை எழுதுக.
2. நல்ல இசைத்தட்டுக் கடையை ஓட்டுநர் எவ்வாறு இனங்கண்டார்?
3. மதுரையில் கிடைத்த தட்டை அவர் வாங்காமைக்குக் காரணம் யாது?
4. அக்கா தம் தம்பியை மன்னித்துவிட்டார் என்று கருதுகிறீர்களா? பாடத்திலிருந்து சான்று காட்டி விளக்குக.
5. உங்கள் வீட்டிலுள்ள மிகப் பழைய பொருள் ஒன்றைப் பற்றிப் பெரியவர்களிடம் கேட்டறிந்து பத்து வரிகளில் எழுதுக.