கடைக்காரரின் பார்வை

அமெரிக்காவில் துப்பாக்கியை இணையத்தில் வாங்கினால், பீட்சா மாதிரி வீட்டு வாசலுக்கே வந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. வேறு மாநிலக் கடைக்கு இணையத்தில் பணம் கட்டினாலும், துப்பாக்கி வந்து சேர்வது உரிமம் பெற்ற உள்ளூர் வியாபாரியிடம்தான். நேரில் போய், வாங்குவோர் நிரப்பும் 4473 என்ற படிவத்தை நிரப்ப வேண்டும். பின்னணிச் சோதனையும் உண்டு.

சட்டத்தின் ஓட்டை வேறு இடத்தில் இருக்கிறது. ஒரே மாநிலத்தில் வசிக்கும் இரு தனிநபர்கள் இணைய விளம்பரம் பார்த்துக் கைமாற்றிக்கொண்டால், கூட்டாட்சிச் சட்டம் சோதனை கேட்பதில்லை. சில மாநிலங்கள் மட்டுமே தனிச் சட்டம் போட்டு அதை அடைத்திருக்கின்றன.

உள்ளூர்க் கடை ஏன் முக்கியம் என்பதை எனக்கு உணர்த்தியது நியூ ஹாம்ப்ஷயர் மாநிலம். 2009இல் அங்கே ஒரே கடையில் துப்பாக்கி வாங்கிய மூன்று பேர், ஒரு வாரத்துக்குள் அடுத்தடுத்துத் தங்கள் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். வாங்கிய சில மணி நேரத்திலேயே நடந்தது அது. அதன்பின் கடைக்காரர்களும் பொதுச் சுகாதாரத் துறையினரும் கைகோத்தார்கள். 'கன் ஷாப் புராஜெக்ட்' பிறந்தது. மனம் உடைந்து வருபவரை எப்படிக் கண்டுகொள்வது, எப்போது விற்க மறுப்பது என்று கடைக்காரர்களுக்கு வழிகாட்டினார்கள். வேறு மாநிலங்களும் அதைப் பின்பற்றின.

பின்னணிச் சோதனையில் கணினி பழைய பதிவுகளைத்தான் பார்க்கும். எதிரே நிற்பவரின் இன்றைய மனநிலையை மனிதரால்தான் பார்க்க முடியும். அதனால் தனிநபர் விற்பனையும் உரிமம் பெற்ற கடை வழியாகவே நடக்க வேண்டும் என்று உறுதியாகச் சொல்வேன்.

அமெரிக்காவில் இருக்கும் நண்பர்களே, வீட்டில் யாராவது மனம் தளர்ந்திருந்தால், துப்பாக்கியை வீட்டைவிட்டு அகற்றிப் பாதுகாப்பான இடத்தில் வையுங்கள். தற்கொலைத் தடுப்பு உதவிக்கு 988 என்ற எண்ணை இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம்.