கத்தரித்த படங்கள்

ஞாயிற்றுக்கிழமைகளில் விடியுமுன் எழுந்து, தோளில் ஒரு பையைத் தொங்கவிட்டுக்கொண்டு, மோட்டார் சைக்கிளில் ஏறிப் புறப்படும் கணவன் மனைவியரை எமது அயலார் நெடுநாளாக விளங்கிக்கொள்ளவில்லை. கோவிலுக்கென்றால் கையில் தட்டு இருக்கவேண்டும். சந்தைக்கென்றால் கூடை இருக்கவேண்டும். செத்தவீட்டுக்கென்றால் முகமே வேறாக இருக்கும். "இரண்டும் படிப்பிக்கிற பிள்ளையள். விடியக் காத்தாலை குருவி பாக்கப் போகுதுகள்" என்று பக்கத்து வீட்டு ஆச்சி படலையில் நின்று யாருக்கோ சொன்னது ஒருநாள் எம் காதில் விழுந்தது. அவர் சொன்னதில் பிழை எதுவும் இல்லை. நாம் குருவி பார்க்கத்தான் போய்க்கொண்டிருந்தோம்.

2016ஆம் ஆண்டில் மணமுடித்தோம். அடுத்த ஆண்டு, சீட்டுக்காசு கைக்கு வந்தபோது, நகை செய்யும்படி உறவினர் கூறிய புத்திமதியைக் கேளாது, பாவித்த கமெரா ஒன்றையும் தூரத்தை அருகாக்கும் வில்லை ஒன்றையும் வாங்கினோம். ஆசிரியத் தொழிலின் சலிப்பு அத்தொழிலில் உள்ளவர்களுக்கே தெரியும். வாரத்தில் ஐந்து நாட்கள் சோதனைத்தாள்களோடும், பதிவேடுகளோடும், பிற்பகலில் பிரத்தியேக வகுப்புகளுக்கு ஓடும் பிள்ளைகளின் களைத்த முகங்களோடும் மாரடித்துவிட்டு, ஆறாம் நாள் வீட்டு வேலை, ஏழாம் நாளாவது சற்று மூச்சுவிட வேண்டும் என்று தோன்றுகிறது. எம்மிடம் கார் இல்லை. யால, வில்பத்து என்று போய்த் தங்கிவர வசதியும் இல்லை. ஆகவே, வீட்டிலிருந்து அரைமணி நேரத்தில் போகக்கூடிய இடங்களே எமது காடுகளும் மலைகளும் ஆயின. பண்ணைப் பாலத்தின் இருமருங்கும், மண்டைதீவுக் கரை, அரியாலையின் வயல்வெளி, தொண்டைமானாற்று நீரேரி. எல்லாவற்றிலும் மேலாக, நாவற்குழிக்குப் போகும் வழியில் கிடக்கும் செம்மணி வெளி.

செம்மணியை அறியாதவர்களுக்குச் சில வார்த்தைகள். யாழ்ப்பாணத்துக்கு வருவோரை வரவேற்கும் வளைவு நிற்குமிடம் அது. தெருவின் இருபுறமும் மரமற்ற வெட்டை. மாரியில் வெள்ளம் நின்று வானத்தைக் காட்டும். கோடையில் அதே நிலம் பாளம்பாளமாக வெடித்து, உப்புப் பூத்து, வெள்ளைவெளேரெனக் கண்ணைக் கூசச்செய்யும். பேருந்தில் போகிறவன் இதனை ஒரு பாழ்நிலம் என்றே நினைப்பான். நாமும் ஒருகாலம் அப்படித்தான் நினைத்தோம். தெருவை விட்டிறங்கி, வரம்பொன்றில் அரைமணி நேரம் அசையாது குந்தியிருந்து பார்த்தபோதே அது எவ்வளவு பெரிய குடியிருப்பு என்பது தெரியவந்தது.

பவளக்காலி என்றொரு பறவை. உடலோ ஒரு சாண்தான். அதனைத் தாங்கும் கால்களோ உடலின் அளவுக்குச் சற்றும் பொருந்தாத நீளம், இளஞ்சிவப்பு நிறம். நீரில் நடக்கும்போது ஒவ்வொரு காலையும் எடுத்து, மடக்கி, இடம் பார்த்து வைக்கும் விதத்தைக் கண்டால் புதுச்சேலை உடுத்துச் சேற்றைக் கடக்கும் பெண்ணின் நினைவு வரும். கூடு என்று பெரிதாக எதுவும் கட்டாது. நீரோரத்து மண்ணில் ஒரு சிறு பள்ளம், சுற்றிவரச் சில சுள்ளிகள், அவ்வளவுதான். முட்டைகளும் மண்ணின் நிறமே. ஆள் நெருங்கினால் தலைக்குமேல் வட்டமிட்டுக் கத்தும். அதற்கும் விலகாவிட்டால், சிறகு முறிந்ததுபோல் நிலத்தில் விழுந்து துடித்து, பகைவனின் கண்ணைத் தன் பக்கம் இழுத்துக் கூட்டைக் காக்கும். இந்த நாடகத்தை முதன்முதலாகக் கண்டபோது எமக்குப் படமெடுக்கத் தோன்றவில்லை. வெட்கப்பட்டுப் பின்வாங்கிவிட்டோம். அதன்பின் முட்டைக்காலத்தில் தெருவிலிருந்து இறங்குவதில்லை என்று ஒரு கட்டுப்பாடு செய்துகொண்டோம்.

வாடைக்காற்று எழும்பியதும் வரும் விருந்தாளிகள் வேறு. சைபீரியாவிலும் மத்திய ஆசியாவிலும் குளிர் மிகும்போது புறப்பட்டு, இந்தியாவைக் கடந்து, இத்தீவின் வடகரையில் இறங்கும் ஊசிவால் வாத்துகள், உள்ளான்கள், ஆலாக்கள். சில ஆண்டுகளில் பூநாரைகளும் வரும். தூரத்தில் நிற்கும்போது, வண்ணான் துவைத்து விரித்த சேலை வரிசைபோல் ஒரு மெல்லிய சிவப்புக் கோடு மாத்திரம் தெரியும். கடவுச்சீட்டும் விசாவும் இன்றி இவ்வளவு தூரம் வந்துபோகும் உயிர்களைக் காணும்போது, கடவுச்சீட்டுக்காகவும் விசாவுக்காகவும் காணியை விற்கும் எமது மாணவரின் குடும்பங்கள் நினைவுக்கு வராமற்போவதில்லை. எம் வகுப்புகளில் உயர்தரம் சித்தியடைந்தவர்களில் எத்தனைபேர் இப்போது எந்தக் குளிரில் நிற்கிறார்களோ!

படங்கள் சேர்ந்தன. எட்டு ஆண்டுகளில் 11,000க்கு மேல். அவற்றைப் பார்த்தவர்கள் புகழ்ந்தார்கள். "இது யாழ்ப்பாணமோ? வெளிநாடு மாதிரிக் கிடக்குது" என்பதே அப்புகழின் உச்சம். அந்த வார்த்தை எமக்கு இனித்தது என்பதை ஒப்புக்கொள்கிறோம். அவ்வாறு சொல்ல வைப்பதற்கு நாம் செய்த வேலையையும் சொல்லிவிட வேண்டும். கணினியில் போட்டு, ஓரங்களைக் கத்தரிப்போம். மின்கம்பி குறுக்கே வந்தால் கத்தரிப்போம். பிளாஸ்ரிக் குப்பை கிடந்தால் கத்தரிப்போம். சிறகுவலை கட்டிய தடிகள், உடைந்த காவலரண், தெருவால் போகும் லொறி, நீரில் நிற்கும் தொழிலாளி எல்லாவற்றையும் கத்தரித்தெறிந்துவிட்டு, பறவையையும் நீரையும் வானத்தையும் மாத்திரம் வைத்துக்கொள்வோம். பல்கலைக்கழக நாட்களில், கலை கலைக்காகவே என்று எழுதியவர்களை விடுதி மொட்டைமாடியில் நின்று நள்ளிரவுவரை கண்டித்தவர்கள் நாம்!

2022ஆம் ஆண்டு, பெற்றோல் வரிசைகள் நின்ற காலம். மோட்டார் சைக்கிளுக்கு எரிபொருள் இன்றி இருவரும் துவிச்சக்கர வண்டியில் செம்மணிக்குப் போனோம். நீரின் நடுவே ஐம்பதைத் தொட்ட ஒருவர் வீச்சுவலையோடு நின்றார். இடுப்பில் பறி. அவரைச் சுற்றி இருபது முப்பது வெண்கொக்குகள். வெயில் சரியான கோணத்தில் விழுந்துகொண்டிருந்தது. மனிதர் மட்டும் சற்று விலகினால் போதும்.

"அண்ணை, கொஞ்சம் அங்காலை நிக்கிறியளோ? ஒரு படம் எடுக்கவேணும்" என்று கூப்பிட்டோம்.

அவர் முகங்கோணாமல் விலகி, இருபது யார் தள்ளிப்போய் நின்றார். கொக்குகளும் எழும்பின, அவரோடே போய் இறங்கின. மறுபடியும் கூப்பிட்டோம். மறுபடியும் அவர் விலகினார். மறுபடியும் அவை பின்னாலேயே போயின. அப்போது அவர் சிரித்துக்கொண்டு சொன்னார்:

"தம்பி, நான் நிண்டாத்தானே அதுகள் நிக்கும். நான் காலாலை சேத்தைக் கலக்க, இறாலும் மீன்குஞ்சும் மேலை கிளம்பும். அதைத்தான் அதுகள் பொறுக்குதுகள். என்னை அங்காலை போகச்சொன்னா, கொக்கும் என்னோடைதான் வரும்."

நாம் அன்று படம் எடுக்காமலே திரும்பினோம். வழிநெடுக எம்மில் ஒருவர் எதுவும் பேசவில்லை. வீட்டுக்கு வந்து தேநீர் ஊற்றும்போதுதான், "தொல்காப்பியத்தில் கருப்பொருள் என்று எவற்றையெல்லாம் சொல்லியிருக்கிறது?" என்ற கேள்வி வந்தது. தமிழைச் சிறப்புப் பாடமாகக் கற்றுப் பட்டம் பெற்றவர்கள் இருவரும் விரல்மடித்து எண்ணினோம். தெய்வம், உணவு, விலங்கு, மரம், புள், பறை, செய்தி, யாழ். புள் என்பது பறவை. செய்தி என்பது அந்நிலத்து மாந்தர் செய்யும் தொழில். இரண்டும் ஒரே பட்டியலில் இருக்கின்றன. பறவையை ஒரு நிலத்தின் அழகென்றும், தொழிலாளியை அவ்வழகுக்கு இடையூறென்றும் அந்த இலக்கண ஆசிரியன் பிரிக்கவில்லை. ஆண்டுதோறும் கரும்பலகையில் இதை எழுதி, மாணவர்க்கு மனனம் செய்வித்துப் புள்ளியும் போட்டவர்கள் நாம். வீச்சுவலைக்காரர் ஒருவர் சிரிக்கும்வரை அது எமக்கு விளங்கவில்லை. நாம் மட்டும் இப்படி என்றும் சொல்லமுடியாது. அழகிய இடமொன்றின் படத்தில் ஆளில்லாதிருப்பதே அழகு என்று எண்ணும் கண், உல்லாசப்பயண விளம்பரங்களைப் பார்த்துப் பார்த்து எல்லாருக்கும் பழகிவிட்ட கண்.

அதன்பின் அவரோடு பழக்கமாயிற்று. எந்தக் காற்றுக்கு இறால் எந்தப் பக்கம் ஒதுங்கும், எந்த மாதத்தில் எந்தப் பறவை வரும் என்பதெல்லாம் அவர் சொல்லித்தான் எமக்குத் தெரியும். நாம் ஆசிரியர் என்று அறிந்தபின் 'தம்பி' போய் 'மாஸ்டர்', 'ரீச்சர்' வந்துவிட்டன. அது எமக்குச் சற்று வருத்தமே. படங்களில் அவரையும் சேர்த்து எடுக்கத் தொடங்கினோம். ஏதோ பெரிய திருத்தம் செய்துவிட்டதாகவும் எண்ணிக்கொண்டோம்.

2025ஆம் ஆண்டு பெப்ரவரியில், செம்மணி சித்துப்பாத்தி மயானத்தில் தகன மேடைக்காக மண் தோண்டியபோது மனித எலும்புகள் வெளிவந்தன. நீதிமன்றத்தின் மேற்பார்வையில் அகழ்வு நடந்தது. செப்டெம்பர் மாதம் வரையில் 200க்கும் மேற்பட்டோரின் எச்சங்கள் அடையாளங் காணப்பட்டன. அவற்றில் குழந்தைகளும் இருந்தனர். ஒரு குழந்தையின் எலும்புகளோடு நீலநிறப் புத்தகப்பை ஒன்று கிடந்தது.

செம்மணி அறியாத செய்தியல்ல இது. 1996 செப்டெம்பரில், பரீட்சை எழுதிவிட்டுச் சைக்கிளில் வீடு திரும்பிய கிரிசாந்தி குமாரசாமி என்ற மாணவி இங்கிருந்த காவலரணில் மறிக்கப்பட்டுக் கொல்லப்பட்டாள். தேடிப்போன தாயும் தம்பியும் அயலவர் ஒருவரும் கொல்லப்பட்டனர். அவ்வழக்கில் தண்டிக்கப்பட்ட படையினன் ஒருவன் 1998இல், இப்பகுதியில் 300 முதல் 400 பேர் புதைக்கப்பட்டிருப்பதாக நீதிமன்றத்தில் கூறினான். 1999இல் தோண்டியபோது 15 உடல்கள் எடுக்கப்பட்டன. அதற்குமேல் தோண்டவில்லை. இவையெல்லாம் எமக்குத் தெரிந்தே இருந்தன. தெரிந்துகொண்டுதான் எட்டு ஆண்டுகள் அந்த வெளியில் பவளக்காலியின் காலழகைப் படமெடுத்தோம்.

எமக்கும் அத்தெருவுக்கும் வேறொரு பழைய உறவும் உண்டு. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு, வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்து செம்மணியூடாக நாவற்குழிப் பாலத்தைக் கடந்தபோது, எம்மில் ஒருவருக்கு ஏழு வயது, மற்றவருக்கு ஐந்து. ஒருவரை ஒருவர் அறியோம். ஆனால் அதே மழையில், அதே நெரிசலில், ஒருவர் தகப்பனின் சைக்கிள் பாரிலும் மற்றவர் தாயின் இடுப்பிலுமாக அங்கே இருந்திருக்கிறோம். இரண்டு குடும்பங்களும் அன்று கைவிட்ட பொருட்களில் ஒன்று படப்பெட்டி. எம் இருவரிடமும் குழந்தைப் பருவத்துப் படம் ஒன்றுகூட இல்லை.

ஓகஸ்ட் 5ஆம் திகதி, அகழ்வில் கிடைத்த பொருட்களை மக்கள் பார்த்து அடையாளங் காட்டுவதற்காக வைத்தார்கள். கமெராவை வீட்டில் வைத்துவிட்டே போனோம். உடைகள், செருப்புகள், விளையாட்டுப் பொருள். வரிசையில் நின்ற தாய்மார் எதையும் தொடவில்லை. குனிந்து பார்த்து, நிமிர்ந்து, மறுபடி குனிந்து பார்த்தார்கள். நெய்தல் திணைக்கு உரிப்பொருள் இரங்கல் என்று வகுப்பில் சொல்வோம். முதல், கரு, உரி என்ற மூன்றனுள்ளும் உரிப்பொருளே சிறந்தது என்பது உரையாசிரியர் கொள்கை என்றும் சொல்வோம்.

அன்றிரவு பழைய படங்களின் மூலப்பிரதிகளைத் திறந்து பார்த்தோம். கத்தரித்தவை அல்ல, கமெரா கண்டபடியே இருந்தவை. 2019ஆம் ஆண்டுப் படமொன்றில், பவளக்காலிகளுக்குப் பின்னால், இடது மூலையில், தெருவோரம் வரிசையாக மனிதர் நிற்கிறார்கள்; கைகளில் காணாமற்போன பிள்ளைகளின் படங்கள். பறவைக்குக் குவிந்த வில்லையில் அவர்கள் மங்கலாகவே தெரிகிறார்கள். அந்த மூலையை நாம் கத்தரித்திருந்தோம். அப்படம் எமது பாடசாலைக் கண்காட்சியில் தொங்கியது.

ஐப்பசியில் முதல் மழை இரண்டு விழுந்தபின் மறுபடி செம்மணிக்குப் போனோம். வீச்சுவலைக்காரர் கரையில் எமக்காகவே காத்திருந்தவர்போல் வந்தார். சட்டைப் பையிலிருந்து பொலித்தீனால் சுற்றிய ஒன்றை எடுத்தார். அடையாள அட்டைக்கென எடுத்த சிறு கறுப்பு வெள்ளைப் படம். ஒரு மூலையைக் கறையான் தின்றிருந்தது. பத்தொன்பது வயது இளைஞன்.

"என்ரை தம்பி. வலைநூல் வாங்க எண்டு தொண்ணூற்றாறிலை இந்தத் தெருவாலை சைக்கிளிலை போனவன். அம்மா இருக்குமட்டும் இதைத் தலைமாட்டிலை வைச்சிருந்தவ. இது ஒண்டுதான் கிடக்குது." சற்று நிறுத்தி, "நீங்கள் குருவியைப் பெருப்பிக்கிற மாதிரி இதையும் பெருப்பிப்பியளோ, ரீச்சர்?" என்று கேட்டார்.

மூன்று இரவுகள் இருவரும் அதனோடு இருந்தோம். தூரத்துப் பறவையை எவ்வளவு பெருப்பித்தாலும் இறகின் விளிம்பு தெரியும். இது அப்படியன்று. பெருப்பிக்கப் பெருப்பிக்க முகம் புள்ளிகளாகக் கலைந்தது. குறைத்தால் ஆளாகச் சேர்ந்தது. கண்களும் மேலுதட்டில் அரும்பிய மீசையும் கலையாது நிற்கும் அளவில் நிறுத்தி, ஒரு கொப்பித்தாளின் அளவுக்கு அச்சிட்டோம். கறையான் தின்ற மூலையைக் கத்தரிக்கவோ நிரப்பவோ இல்லை.

அடுத்த ஞாயிறு கொண்டுபோனபோது அவர் இடுப்பளவு நீரில் நின்றார். கொக்குகள் சுற்றி நின்றன. படத்தை நீட்டினோம். "கை ஈரம், மாஸ்டர்" என்று வாங்காமல், கரையேறி, வலையை வரம்பில் வைத்து, கையைத் துடைக்கத் துணி இல்லாமல் எம்மில் ஒருவருடைய சால்வையில் துடைத்துக்கொண்டு வாங்கினார். வெகுநேரம் பார்த்தார்.

"மூக்கு அம்மான்ரை மூக்கு" என்றார்.